உஷ் சாரின் கைப்பேசியில்லா ஒரு மணி

பள்ளிக்கூடத்து நூலகருக்கு ஒரு பெயர் இருந்தது. அது சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி அவர் எல்லோருக்கும் உஷ் சார். இருபத்திரண்டு வருடமாக உதட்டில் விரலை வைத்து ‘உஷ்’ என்று சொல்லிச் சொல்லி, அது அவருக்கு மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது. வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் அவர் விரல் தானாக உதட்டுக்குப் போகிறது என்பது மனைவியின் புகார். அவர் அதை மறுத்ததில்லை. மறுக்கப் போனாலும் விரல்தான் முந்திக்கொள்ளும் என்று அவருக்கே தெரியும்.

மாணவர்களைப் போனிலிருந்து மீட்கும் பொறுப்பு தன் தலையில் விழுந்த கதையைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வரும். அன்று ஆசிரியர் கூட்டம். தலைமையாசிரியை முக்கால் மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள், சாப்பிடும்போதுகூடத் தலை நிமிர்வதில்லை, யாராவது முன்வந்து ஏதாவது செய்ய வேண்டும் என்றார். உஷ் சார் அப்போது மேசைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு, துருப்பிடித்த ஒரு பூட்டை யாரோ ஒரு மனிதர் தேய்த்துத் தேய்த்துப் புதிதாக்கும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டு பளபளவென்று ஆனதும் திருப்தியாகத் தலையை நிமிர்த்தினார். மற்ற அத்தனை தலைகளும் அந்த நேரம் பார்த்துக் குனிந்திருந்தன.

“சார், நீங்க பாத்துக்கறீங்களா?” என்று கேட்டார் தலைமையாசிரியை.

“கண்டிப்பா மேடம்,” என்றார் உஷ் சார், எதை என்று தெரியாமலே.

எதை என்று பக்கத்திலிருந்த வேதியியல் ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. அன்று மாலை தன் போன் காட்டும் வாராந்தரக் கணக்கை முதல் தடவையாகத் திறந்து பார்த்தார். ஒரு நாளைக்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் என்றது. போனில் கடிகாரம் சரியில்லை என்று முடிவு செய்தார்.

ஆனாலும் ஏற்றுக்கொண்ட வேலையை அரைகுறையாக விடுகிறவர் அல்ல அவர். மதிய இடைவேளையில் நூலகத்தில் ‘கைப்பேசியில்லா ஒரு மணி’ என்று அறிவித்தார். வீட்டில் கதவுக்குப் பின்னால் செருப்பு வைப்பதற்காகத் தொங்கிக்கொண்டிருந்த, இருபத்துநான்கு பைகள் தைத்த துணியைக் கழற்றி வந்து நூலக வாசலில் மாட்டினார். ஒவ்வொரு பைக்கும் முறைப்படி எண் ஒட்டினார். உள்ளே வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டு வர வேண்டும், போகும்போது எடுத்துக்கொள்ளலாம். முதல் நாள் நான்கு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் தூங்குவதற்காக வந்தவர்கள். இங்கே இப்படியென்றால், வீட்டு வாசலில் செருப்புகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன.

“பிள்ளைங்க திருந்துறாங்களோ இல்லையோ, நான் தடுக்கி விழுந்து காலை ஒடிச்சுக்கப் போறேன்,” என்றாள் மனைவி.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணியைத் தூக்கி நிறுத்தியது உஷ் சார் அல்ல. பத்தாம் வகுப்பில் படித்த ஒரு பெண். பள்ளிக்கு எதிரே பேக்கரி வைத்திருந்த அம்மாவின் மகள், அதனால் பேக்கரிப் பெண். மூன்றாம் நாள் சலிப்புத் தாங்காமல் அவள் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி ஏதோ ஒரு வரியைப் பாதி படிக்க வேண்டும். அடுத்தவர் வேறொரு புத்தகத்தைத் திறந்து மீதியைப் படிக்க வேண்டும். “மேடையேறிய பேச்சாளர் சபையை வணங்கியதும் முதலில் செய்ய வேண்டியது...” என்று ஒருத்தி படித்தாள். பேக்கரிப் பெண் கோழி வளர்ப்புப் புத்தகத்தைப் பிரித்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “...வைக்கோலைப் பரப்பி இருபத்தொரு நாள் அசையாமல் அடைகாப்பதாகும்,” என்று முடித்தாள். தூங்க வந்த இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

இரண்டே வாரத்தில் இருபத்துநான்கு பைகள் போதவில்லை. ஒரு பையில் இரண்டு போன் போட்டார்கள். நூலகத்தில் ஒரே கூச்சல். வாழ்க்கையில் முதல் தடவையாக உஷ் சார் அந்த அறையில் ‘உஷ்’ என்று சொல்லவில்லை. அவருக்கு உள்ளூரப் பெருமை தாங்கவில்லை. பெருமை தாங்காதவர்கள் எதைச் செய்வார்களோ அதையே அவரும் செய்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். ‘கைப்பேசியில்லா ஒரு மணி’ என்ற பெயரிலேயே ஒரு பக்கம் தொடங்கி, பிடித்த படத்தை அதில் போட்டார்.

போனைக் கீழே வையுங்கள் என்று சொல்வதற்கு ஒரு பக்கம், அதைப் பார்க்க எல்லோரும் போனைக் கையில் எடுக்க வேண்டும். இதிலிருந்த கோணலை மனைவி முதல் நாளே சுட்டிக்காட்டினாள். இது விழிப்புணர்வு என்று அவர் சொல்லிவிட்டார். தினமும் மதியம் பிள்ளைகள் சிரித்து விளையாட, அறையில் போனோடு இருந்த ஒரே ஆள் அவர்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எத்தனை லைக் வந்திருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க மட்டும் வச்சிருக்கீங்களே?” என்று ஒருநாள் கேட்டான், கண்ணாடிக்காரன் என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்பதாம் வகுப்புப் பையன்.

“நான் ஆவணப்படுத்துறேன்,” என்றார் உஷ் சார்.

அந்தச் சொல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிள்ளைகள் செய்தால் கெட்ட பழக்கம், அவர் செய்தால் ஆவணம். எந்த ஆவணத்துக்கும் முப்பத்தேழு லைக்குக்கு மேல் வரவில்லை என்பது ஒன்றுதான் குறை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் குறையும் தீர்ந்தது. கோழி வளர்ப்புப் புத்தகத்தை மோவாயில் முட்டுக் கொடுத்துக்கொண்டு பேக்கரிப் பெண் சிரித்தாள். கண் இரண்டும் மூடி, தலை பின்னால் சாய்ந்து, ஈறெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. படம் அருமையாக விழுந்துவிட்டது. ‘போனில்லாத முகத்தில்தான் இப்படிச் சிரிப்பு வரும்’ என்று எழுதிப் போட்டார். பள்ளி விடுவதற்குள் முந்நூறு லைக். மறுநாள் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. உஷ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. முகத்தில் சவர நுரையோடு பார்த்தார், பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கிற வேலையிலிருந்து களைத்து வந்த மனைவியிடம், “ஆயிரத்து நானூத்திப் பன்னிரண்டு!” என்றார்.

“சர்க்கரையா? உடனே டாக்டரைப் பாருங்க,” என்றாள் அவள்.

அடுத்த வாரத்திலிருந்து பேக்கரிப் பெண் வரவில்லை. தேர்வு வருகிறது, படிக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். அப்படி நினைத்தார் என்பதே அவரைக் கொஞ்சம் உயர்த்திச் சொல்வதுதான். உண்மையில் அவர் கவலைப்பட்டது, இப்போதெல்லாம் படம் நன்றாக அமையவில்லையே என்று. அவள் இல்லாமல் விளையாட்டு சப்பென்று ஆகிவிட்டது. பைகளில் பாதி காலியானது. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் பிடிப்பு இல்லை’ என்று பக்கத்தில் வருத்தமாக ஒரு பதிவு போட்டார். அதற்கு இருபத்தொரு லைக் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், செருப்பில் தடுக்கித் தானே விழுந்த கதையைக் குடும்பக் குழுவில் எழுதினார். வேறு ஊரில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருக்கும் மைத்துனர் பதிலுக்கு ஒரு ஸ்டிக்கர் அனுப்பினார். யாரோ ஒருத்தி வாயை அகலத் திறந்து சிரிக்கிறாள். வாயை மட்டும் ஒன்றரை மடங்கு இழுத்துப் பெரிதாக்கியிருந்தார்கள். கீழே ‘செம காமெடி’ என்று எழுதியிருந்தது. உஷ் சார் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்ததோடு விட்டாரா? அதைச் சேமித்துக்கொண்டு, ஆசிரியர்கள் குழுவில் வேதியியல் ஆசிரியர் சொல்லியிருந்த ஒரு ஜோக்குக்குப் பதிலாகத் தட்டியும் விட்டார்.

அனுப்பிய பிறகு இன்னொரு தடவை பார்த்தார். ஸ்டிக்கரின் ஓரத்தைச் சரியாக வெட்டவில்லை. மோவாய்க்குக் கீழே ஒரு புத்தக முதுகின் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வெள்ளைச் சீட்டு. சீட்டில் 636.5 என்று எழுதியிருந்தது. ஆறுக்கு வாலை நீட்டிச் சுழிக்கும் கையெழுத்து அவருடையது. 636.5 என்றால் நூலகக் கணக்கில் கோழி வளர்ப்பு.

நம்ம புத்தகம் இங்கே எப்படி வந்தது என்றுதான் முதலில் யோசித்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் புத்தகத்துக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தார். அந்தப் படத்தை அவர் நூறு தடவையாவது திறந்திருப்பார். திறந்ததெல்லாம் கீழே இருந்த லைக் எண்ணைப் பார்க்க. இருபத்திரண்டு வருட உத்தியோகம் அவரை இந்த லட்சணத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. தன்னிடம் படிக்க வந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை, புத்தகத்தின் எண் தெரிந்தது.

மைத்துனரைப் போனில் கூப்பிட்டார்.

“இதை உனக்கு யாரு மச்சான் அனுப்பினது?”

“தெரியல அத்தான், ஆபீஸ் குரூப்ல வந்துச்சு. எல்லார்கிட்டயும் இருக்கே! ஏன், யாருன்னு தெரியுமா?”

“தெரியும்,” என்றார். போனை வைத்துவிட்டார்.

பக்கத்தைத் திறந்து, படத்தை நீக்குவதற்கான பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைக் கொண்டுபோனார். விரல் அங்கேயே நின்றது. ஸ்டிக்கர் வேறு, நம்ம படம் வேறு என்று தோன்றியது. இதை எடுத்தால் அது போய்விடுமா என்று தோன்றியது. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்றும் தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வெட்கம் கட்டைவிரல் வரைக்கும் இறங்கவில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தவரை, துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னார்.

“அப்ப இன்னும் யாருக்காக வச்சிருக்கீங்க?” என்றாள்.

அழுத்தினார். படம் போயிற்று, லைக்குகளும் போயின. உடனே மனதில் வேகம் வந்துவிட்டது. மடமடவென்று நான்கு பத்தியில் ஒரு மன்னிப்புப் பதிவு எழுதினார். ‘கனத்த இதயத்துடன்’ என்று ஆரம்பித்தது. நடுவில் ஓர் இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. மனைவிக்கு ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டி, “எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“மன்னிப்புக்கும் லைக் வேணுமா உங்களுக்கு?”

எழுதியதை அவர் ஒவ்வொரு பத்தியாக அழித்தார்.

“பின்ன என்னதான் செய்யச் சொல்றே?”

“ஏங்க, ஒரு ஊசி குத்தறதுக்கே நான் ‘குத்தட்டுமா’ன்னு கேட்டுட்டுத்தான் குத்தறேன். சின்னப் பிள்ளையா இருந்தாலும் கேப்பேன். நீங்க அந்தப் பொண்ணுகிட்ட எதாவது கேட்டீங்களா?”

“இல்ல.”

“இப்பவாவது போய்க் கேளுங்க. எழுதாதீங்க. நடந்து போங்க.”

மறுநாள் பள்ளி விட்டதும் பேக்கரிக்குப் போனார். அம்மா உள்ளே அடுப்பில் தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். பெண் வெளியே கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்று ரொட்டிகளை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். உஷ் சார், வேண்டியதில்லாத ஒரு ரொட்டியைக் கேட்டார்.

“வெட்டினதா, வெட்டாததா சார்?” வாய்க்கு முன்னால் ஒரு கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

தன் மேல் உள்ள கோபத்தில் அப்படிச் செய்கிறாள் என்று நினைத்தார். அதற்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தார். அவரிடமும் கையை வைத்துக்கொண்டுதான் பேசினாள். அந்தக் கைக்குழந்தை பார்த்துச் சிரித்ததற்குப் பதிலாக இவளும் கண்ணால் சிரித்தாள், கை இறங்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அது கோபமில்லை என்று உஷ் சாருக்குப் புரிந்தது.

“நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்மா. உன்னைக் கேக்காம அந்தப் படத்தைப் போட்டுட்டேன். எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோ.”

“பரவால்ல சார்.” கொஞ்ச நேரம் உறையின் வாயை மடித்தாள். “பஸ்ல யாராவது என்னைப் பாத்துட்டு, போனைப் பாத்துட்டு, திரும்ப என்னைப் பாக்கறாங்க. என் ஃப்ரெண்டே எனக்கு அனுப்பறா, அது நான்னு அவளுக்குத் தோணவே இல்ல. அம்மாவுக்கும் வந்துச்சு. அம்மா சிரிச்சாங்க சார். சிரிச்சு முடிச்சுட்டுத்தான் பாத்தாங்க.”

நானும்தான் சிரித்தேன் என்று சொல்ல உஷ் சாருக்குத் தைரியம் வரவில்லை.

“நான் என்னம்மா செய்யட்டும்? நீயே சொல்லு.”

“ஒரு புத்தகம் திரும்பி வரலைன்னா என்ன சார் செய்வீங்க? எங்க அண்ணன் ஒரு புத்தகம் தரலைன்னு வீட்டுக்கே வந்தீங்க. அவன் காலேஜ் போன பிறகும் விடாம போன் பண்ணி வாங்கினீங்க.”

“ஆமா.”

“அது புத்தகத்துக்கு,” என்றாள். அடுத்து நின்றவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கத் திரும்பிவிட்டாள்.

உஷ் சார் அந்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். அப்புறம் திரும்பிப் பள்ளிக்கே போனார். நூலகத்தைத் திறந்து, திரும்பி வராத புத்தகங்களுக்கென்று அவர் வைத்திருந்த மாதிரியே புதிதாக ஒரு பதிவேடு எடுத்துக் கோடு போட்டார். பெயர், வகுப்பு, யாரிடமிருந்து வந்தது, யாருக்கெல்லாம் போனது, அழித்த தேதி, கையெழுத்து. முதல் வரிசையில் ‘நூலகர்’ என்று எழுதினார். யாரிடமிருந்து: மைத்துனர். யாருக்கெல்லாம்: ஆசிரியர்கள் குழு, நாற்பத்தொரு பேர். கையெழுத்தும் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் பெயர் அவருடைய பதிவேட்டிலேயே ஏறியது அதுதான் முதல் தடவை.

முதலில் ஆசிரியர் அறை. நின்றபடி விஷயத்தைச் சொல்லிவிட்டு, நாற்பத்தொரு பேரையும் அழிக்கச் சொன்னார். வேதியியல் ஆசிரியர் அதற்குள் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். “உங்ககிட்டேர்ந்து வந்ததாச்சேன்னு நம்பி அனுப்பினேன் சார்,” என்றார். அந்தப் பாராட்டை உஷ் சார் விழுங்கிக்கொண்டார்.

பிறகு வகுப்பு வகுப்பாகப் போனார். தலைமையாசிரியை ஒரு சுற்றறிக்கை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். முதல் வகுப்பில் ‘சமூக ஊடகமும் நாமும்’ என்று ஒரு உரை ஆற்றிப் பார்த்தார். பாதியில் மூன்று பேர் கொட்டாவி விட்டார்கள், நான்காவதாக அவருக்கே வந்தது. உரையைக் கைவிட்டார். அப்புறம் ஒவ்வொருவரின் பக்கத்திலும் போய் உட்கார்ந்து, நான்கே கேள்விதான். “உன்கிட்ட இருக்கா? அழிச்சிடறியா? யாருக்கு அனுப்பினே? அவங்ககிட்ட நீயே நேர்ல சொல்லிடறியா?”

புத்தகத்தைத் தேடுவது இதற்கு எவ்வளவோ மேல் என்று இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. புத்தகம் ஒருவர் கையில் இருந்தால் இன்னொருவர் கையில் இருக்காது. இது கொடுத்தவரிடமும் இருந்தது, வாங்கியவரிடமும் இருந்தது. நான்கு பெயரை அடித்தால் இருபத்தாறு பெயர் சேர்ந்தது. இதற்கு நடுவே, அவர் தன் போனையும் வாசலில் முதல் பையில் போடத் தொடங்கியிருந்தார். போட்ட முதல் நாள் ஒரு மணி நேரத்தில் ஏழு தடவை எழுந்துபோய், பை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பவரைப் போலத் தடவிவிட்டு வந்தார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். “பை நல்லாத்தான் இருக்கு சார்,” என்றான் ஒருவன்.

நான்காம் நாள், எல்லாக் கிளைகளும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஸ்டிக்கர் செய்தது கண்ணாடிக்காரன். அவனைத் திட்டுவதற்கு உஷ் சார் இரண்டு நாளாக வாக்கியங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“எங்க அஞ்சு பேருக்குள்ளதான் சார் அனுப்பினேன். வாயைப் பெருசாக்கினது வேற யாரோ. அந்தச் சிரிப்பு நல்லா இருந்துச்சு, அதான் செஞ்சேன். நீங்களே போட்டிருந்தீங்க. சார் போட்டிருக்காருன்னா போடலாம்போலன்னு நெனச்சேன்.”

சேர்த்து வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவன் பெயரைத் தன் பெயருக்கு அடுத்துக் காலியாக விட்டிருந்த வரிசையில் எழுதிக்கொண்டார். அன்று மாலையே கண்ணாடிக்காரன் பேக்கரிக்குப் போய், கடைக்கு வெளியே அரை மணி நேரம் நின்றுவிட்டு, அப்புறம் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்தான் என்று பின்னால் தெரிந்தது.

ஏழாம் நாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி அழிப்பதற்காக ஸ்டிக்கர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். நடுவில் ஒன்று அவர் கண்ணில் பட்டது. விழி பிதுங்க, முன்மயிர் சேவல் கொண்டை போல எழும்பி நிற்க, உதட்டில் விரல் வைத்த ஓர் ஆள். ‘உஷ்ஷ்ஷ்’ என்று எழுதியிருந்தது.

“இது... எத்தனை நாளா இருக்கு?”

“ரொம்ப நாளா சார். நான் இந்த ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சாம். எல்லார்கிட்டயும் இருக்கும். இதையும் அழிக்க...”

“அழி,” என்றார், அவள் முடிப்பதற்குள்.

வகுப்பே அவரைப் பார்த்தது. கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் முன்மயிரை அழுத்தி அழுத்திப் படிய வைத்தார். கையை எடுத்ததும் அது எழுந்து நின்றது. தலைமையாசிரியைகூட விவாதங்களை முடித்துவைக்க அந்த ஸ்டிக்கரைத்தான் பயன்படுத்துகிறார் என்று அன்று மாலை தெரிந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் விரல் உதட்டுப் பக்கமே போகவில்லை. யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் தன்னைத்தானோ என்று திரும்பிப் பார்த்தார். அவருக்கு வயது ஐம்பத்துமூன்று. அந்தப் பெண்ணுக்குப் பதினைந்து. இதை நினைத்தபோது அவருக்குத் தன் மேல் வந்த கோபம் சாமானியமானதல்ல.

பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது, அதற்குத் தான் காரணம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் வருவதற்கு முன்பே அழித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தார்கள். தங்கள் போனில் கிடந்த மற்றவர்களின் படங்களைக் காட்டி, “இதைப் போட்டுட்டேன்டா, இருக்கட்டுமா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் இருக்கட்டும் என்றார்கள், சிலர் எடு என்றார்கள், ஒரு சண்டையும் நடந்தது. பேக்கரிப் பெண்ணிடம் ஒவ்வொருவராகப் போய், “அழிச்சிட்டேன்” என்று சொல்லிவிட்டும் வந்தார்கள். ஆனால் அவள் மதியம் வரவில்லை.

பதினோராம் நாள், நூலகத்தைப் பூட்டப் போகும் நேரத்தில் வந்தாள். கை வாய்க்கு முன்னாலேயே இருந்தது.

“பதிவேட்டைக் காட்டுங்க சார்.”

கொடுத்தார். நூற்று எண்பத்தேழு பெயர்கள். அவள் நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தாள். அவர், தவறு செய்த பையனைப் போல மேசையோரம் நின்றுகொண்டிருந்தார்.

“இது முழுசு இல்லம்மா. மச்சான் ஆபீஸ்ல நாப்பது பேர்கிட்ட நேர்ல சொல்லிட்டானாம். அதுக்கு மேல எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாது. முழுசா திரும்பி வராது.”

“தெரியும் சார்.” முதல் பக்கத்துக்குத் திரும்பி, முதல் வரிசையில் விரலை வைத்தாள். “நீங்களுமா?”

“நானும்தான். சிரிச்சேன். சிரிச்சுட்டு அனுப்பினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது.” சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னார். “அதுவும் உன் முகத்தைப் பாத்து இல்ல. புத்தகத்து நம்பரைப் பாத்து.”

அவள் பதிவேட்டை மேசைமேல் வைத்தாள். “உங்க போனைக் காட்டுங்க.”

பையிலிருந்து எடுத்து, பூட்டைத் திறந்து கொடுத்தார். ஸ்டிக்கர்களைப் பார்த்தாள், அங்கே இல்லை. படங்களைத் திறந்தாள். அது இருந்தது. பக்கத்திலிருந்து எடுத்திருந்தாரே தவிர, போனிலிருந்து எடுக்கவில்லை. மறந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தார், முடியவில்லை.

“அழிக்க மனசு வரலம்மா. நல்லா விழுந்திருந்துச்சு.”

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இழுக்காத, வெட்டாத தன் முகத்தை அவள் பார்த்து எத்தனையோ நாளாகியிருக்க வேண்டும்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். பிறகு, “கேட்டிருந்தா போடுங்கன்னுதான் சொல்லியிருப்பேன் சார்.”

கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அன்று அவள் பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“இப்ப... இப்பக் கேக்கட்டுமா?” என்றார், அசடு வழிய.

“கேளுங்க.”

“இந்தப் படத்தைப் போடட்டுமாம்மா?”

“வேண்டாம் சார்,” என்று சொல்லிக்கொண்டே, இரண்டு கையாலும் போனைப் பிடித்துப் படத்தை அழித்தாள்.

“சரி,” என்றார்.

அவர் முகம் அப்போது எப்படி ஆனதோ அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து அதைப் பார்த்த அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கண் இரண்டும் மூடி, தலை பின்னால் சாய்ந்து, ஈறெல்லாம் தெரியச் சிரித்தாள். போன் அவள் கையில் இருந்தது. அவரால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. பார்த்தார்.